பட்டு யாத்திரை

எமது சமுதாயத்தில் பட்டுச் சேலை வெறும் உடுதுணியாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. இன்று அது ஒரு தராதரப் பத்திரம். கலியாணப் பந்தலிலே மணமகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னர் அவளது கூறையின் கரையைப் பார்த்து, சரிகையின் அகலத்தை அளந்து, மாப்பிள்ளை வீட்டாரின் கைவளத்தைக் கணக்கிட்டு முடித்துவிடுகின்ற கண்களே அங்கு அதிகம். அந்தக் கண்கள் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "கூறை எங்கே எடுத்தது?" வெள்ளவத்தையில் எடுத்தது என்றால் ஒரு மதிப்பு. சென்னையில் எடுத்தது என்றால் அதனினும் கூடிய மதிப்பு. காஞ்சிபுரத்துக்கே போய்த் தறியடியில் நின்று எடுத்தது என்றால் கேட்டவர் வாயடைத்துப் போவார். பட்டின் தரத்தைக் காட்டிலும் அதை வாங்கப் போன தூரமே பெருமையின் அளவுகோலாகிவிட்ட விந்தை இது.

இந்தப் பட்டு யாத்திரைக்கு எதிராகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பட்டு அழகற்றது என்று நாம் கூறவில்லை. அழகை வெறுப்பவன் முற்போக்காளனும் அல்லன், ரசிகனும் அல்லன். இந்த யாத்திரையால் நெசவாளி வாழவில்லை, கடனில் வாங்கும் நடுத்தர வர்க்கத்தானும் வாழவில்லை, எம் நாட்டுத் தறியும் வாழவில்லை என்பதே எமது வழக்கு. வாழ்வது யார் என்பதைப் போகப் போகப் பார்ப்போம்.

யாத்திரை புதியதன்று. 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின்னர் சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் இரயிலேறிக் கொழும்புக்கு வந்து சேர முடிந்தது. அந்தப் பாதையிலே தோட்டத் தொழிலாளர் வந்தனர், வணிகர் வந்தனர், புத்தகங்கள் வந்தன, சினிமாச் சுருள்கள் வந்தன, பட்டும் வந்தது. 1964 டிசம்பர் மாதப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாதை அழிந்தபோதிலும் பழக்கம் அழியவில்லை. பின்னர் விமானம் அந்த இடத்தைப் பிடித்தது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கியது. இவற்றை நாம் வரவேற்கிறோம். இரு கரையிலும் ஒரே மொழி பேசும் மக்கள் வந்து போவதை யார் வெறுப்பார்? ஆனால் அப்படிப் போய் வருவோரிற் பலரின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால், புத்தகம் இருக்க வேண்டிய இடத்திலும் சேலையே இருக்கிறது. சேலைப் பெட்டிகளுடன் ஓயாது கடல் கடந்து பறப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு கூட்டத்தாருக்கு மக்கள் "குருவிகள்" என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் குருவிகள் வயிற்றுக்காகப் பறக்கின்றன. அவற்றின்மேல் எமக்குக் கோபமில்லை. அவற்றைப் பறக்க வைக்கும் மோகத்தின்மேல்தான் கோபம்.

கூறை என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். அச்சொல்லுக்கு ஆடை என்பதே பொருள். பருத்தியும் கூறைதான், பட்டும் கூறைதான். இத்தனை பவுன் சரிகை, இத்தனை அங்குலக் கரை என்று எந்தச் சாத்திரமும் விதிக்கவில்லை. விதித்தது சந்தை. எம்மவரிடையே கூறையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வருவது வழக்கம். ஆகவே அது மாப்பிள்ளை வீட்டாரின் தாராளம் என்று ஊர் நம்புகிறது. ஆனால் பெண் வீட்டாரிடம் சீதனத்துக்கு மேலாக, "நன்கொடை" என்று நாகரிகமாகப் பெயர் சூட்டி ரொக்கமாகக் கறந்த பணம் எங்கே போகிறது? ஒரு பகுதி கூறையாக மாறிப் பெண்ணின் தோளுக்கே திரும்பி வருகிறது. தந்தை ஈடு வைத்த வளவின் விலையை மகள் ஒருநாள் உடுத்திருக்கிறாள். மறுநாள் அது மடித்து அலுமாரியில் வைக்கப்படுகிறது. வளவோ மீட்கப்படுவதில்லை.

இதற்கு உடனே ஒரு மறுமொழி வரும்: "பெண்களின் சேலை ஆசைக்கு ஆண்கள் என்ன செய்வது?" இந்தக் கோழைத்தனமான மறுமொழியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கூறையின் விலையைப் பேசுவோரிலும், நன்கொடையை எண்ணி வாங்குவோரிலும், பந்தலில் முன்வரிசையில் அமர்ந்து அந்தஸ்தை அளப்போரிலும் பாதிப்பேர் வேட்டி கட்டியவர்களே. பெண்ணின் உடலை அந்தஸ்தின் விளம்பரப் பலகையாக்கிவிட்டு, பலகையின்மேல் பழியைப் போடுவது நியாயமாகாது.

சரி, விலையை விடுவோம். யாத்திரை போகிறவர் சொல்லும் பெரிய காரணம் "அசல்" என்பது. "இங்கே எல்லாம் கலப்படம், அங்கே போனால்தான் அசல் கிடைக்கும்" என்பது அவர் கட்சி. இந்த அசல் எங்கே இருக்கிறது என்று சற்று ஆராய்வோம். காஞ்சிபுரத்தில் பட்டுப்புழு வளர்க்கப்படுவதில்லை. அங்கு நெய்யப்படும் நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருவது. இராமநகரத்துச் சந்தையிலே விவசாயி விற்கும் கூடுகளிலிருந்து எடுத்த நூல் அது. அதிலும் ஒரு பகுதி சீனத்து நூலாக இருப்பதுண்டு. சரிகையின் தாய்வீடு குஜராத்திலுள்ள சூரத்து நகரம். பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன் முலாம் பூசியதே உண்மைச் சரிகை. செம்புக் கம்பி சுற்றிய சரிகை அதைப் போலவே மின்னும், சில ஆண்டுகளிற் கறுக்கும். ஆரணியிலும் தர்மாவரத்திலும் நெய்த சேலைகளும் காஞ்சிபுரம் என்ற பெயரிலேயே விற்பனையாகின்றன. இந்திய அரசின் மத்தியப் பட்டு வாரியம் 2004இல் பட்டு முத்திரைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும், 2005-06இல் காஞ்சிபுரப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டதும் கலப்படம் மலிந்துவிட்டதன் அடையாளங்களே. கரையிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தால், பட்டு முடி கருகும் மணத்தோடு எரிந்து விரலில் நசுங்கும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கட்டியான மணியாக இறுகும். இந்தச் சோதனையை வெள்ளவத்தையிலும் செய்யலாம். அதற்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை.

அசலைத் தேடி இன்னும் தூரம் போகிறவர்களும் இன்று உண்டு. கையிற் காசுள்ள எம்மவர் சிலர் வியட்நாமுக்கு உல்லாசப் பிரயாணம் போய், ஹனோயிலும் ஹொய் ஆனிலும் பட்டு வாங்கி வருகின்றனர். ஏகாதிபத்தியத்தை மண் கவ்வச் செய்த அந்த மக்களின் பெயர் ஒரு காலத்தில் எம் இளைஞரின் நெஞ்சைச் சிலிர்க்க வைத்தது. இன்று அது கடைத்தெருப் பட்டியலில் ஒரு வரியாகியிருக்கிறது. அங்கேயும் நடந்ததென்ன? 2017 ஒக்டோபரில் வியட்நாமின் பெயர்பெற்ற பட்டு வணிக நிறுவனமாகிய கைசில்க்கின் கழுத்துச் சவுக்கம் ஒன்றிலே, "வியட்நாமில் செய்தது" என்ற முத்திரையோடு "சீனாவில் செய்தது" என்ற முத்திரையும் இருந்ததை வாடிக்கையாளர் ஒருவர் வெளிப்படுத்தினார். விற்ற பட்டில் ஏறக்குறையப் பாதி சீனத்திலிருந்து வந்தது என்பதை உரிமையாளர் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோர நேர்ந்தது. முப்பது ஆண்டுப் புகழ் ஒரு முத்திரையில் அவிழ்ந்தது.

இந்தச் செய்தியைப் படித்தவர்கள் ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளருக்காக இரங்கினர். நாமும் இரங்குவோம். ஆனால் ஒரு கேள்வியை எவரும் கேட்கவில்லை. முத்திரை உண்மையாகவே இருந்திருந்தால் மட்டும் என்ன தெரிந்திருக்கும்? நெய்தவர் யார், அவருக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பவற்றை எந்த முத்திரை சொல்கிறது? முத்திரை பொருளின் பிறப்பிடத்தைச் சொல்லும். பொருளைப் பெற்ற கையைச் சொல்லாது. நாம் "அசல்" என்று தேடுவது நூலின் அசலை மட்டுமே. உழைப்பின் அசலைத் தேடி எவரும் விமானம் ஏறியதில்லை.

அதைத் தேடிப் போவோமாயின் காண்பது என்ன? ஒரு பட்டுக்கூட்டிலே ஆயிரம் மீற்றர் அளவுக்கு அறுபடாத ஓர் இழை இருக்கிறது. அதை அவிழ்க்கக் கூட்டை வெந்நீரில் இட வேண்டும். அந்த வெந்நீருக்குள் விரலை விட்டு இழையின் நுனியைத் தேடிப் பிடிக்க வேண்டும். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, அந்த வெந்நீரிலே வெந்த விரல்களிற் சிறுவரின் விரல்களும் இருந்ததைப் பதிவு செய்தது. அதே அறிக்கை காஞ்சிபுரத்தையும் விடவில்லை. காஞ்சிபுரச் சேலையின் சிறப்பே கோர்வை என்பர். உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் இருக்க, இரண்டையும் இழைக்கு இழை பிணைத்து நெய்யும் வேலை அது. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவரால் மூன்றையும் எறிய முடியாது. தறியின் மறுபக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். அந்தத் துணையாள் நெடுங்காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தறியடிக்குப் போனது. கடன் தீரும்வரை பள்ளிக்குப் போகவில்லை, கடனோ தீரவில்லை. எந்த வேலைப்பாட்டைப் பார்த்து "கைவண்ணம்" என்று வியக்கிறோமோ, அந்த வேலைப்பாட்டின் அமைப்பே ஒரு சின்னக் கையை வேண்டி நின்றது. சட்டங்களாலும், தொண்டு நிறுவனங்களின் முயற்சியாலும், கல்வியின் பரவலாலும் அந்நிலை பெரிதும் மாறியிருக்கிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் மாறியதன் மறுபக்கத்தையும் பாருங்கள். பள்ளிக்குப் போன நெசவாளியின் பிள்ளை மீண்டும் தறிக்கு வர விரும்பவில்லை. ஏன்? தந்தை குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உழைத்தும் முன்பணக் கணக்கிலிருந்து எழும்பாததை அந்தப் பிள்ளை கண்டிருக்கிறது. பிரியதர்ஷனின் "காஞ்சிவரம்" திரைப்படம், தன் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை கட்டிப் பார்க்க முடியாத ஒரு பட்டு நெசவாளியின் கதை. அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களும் அடுத்த மாதமே பட்டுக்குப் பயணச்சீட்டு எடுத்தார்கள். கண்ணீர் மலிவு. அதனால் தறிக்கூலி ஒரு சதமும் உயரவில்லை.

"நாங்கள் வாங்காவிட்டால் நெசவாளி பட்டினி கிடப்பானே" என்பது அடுத்த வாதம். இந்த வாதத்திலே ஓர் உண்மை உண்டு. அதை நாம் மறைக்கப் போவதில்லை. வாங்குவோர் இல்லாத தறி நின்றுவிடும். அண்ணாதுரை காஞ்சிபுரத்து நெசவாளர் குலத்திற் பிறந்தவர். 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் தெருவில் நின்றபோது அவரும் அவரது இயக்கத்தவரும் துணிமூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர். 1927 நவம்பரில் காந்தியார் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் வரை சென்று, கதருக்காக நிதி திரட்டினார். அவரை வரவேற்ற யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசிலே ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் இருந்தனர். சாதிக் கொடுமையை எதிர்த்த அவர்கள் கதரையும் உடுத்தினர். அவர்கள் அரசியலில் எமக்குக் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் அவர்கள் துணியை வாங்கியபோது நெய்தவனை மனத்திற் கொண்டு வாங்கினர். கதர் உடுத்தவன் "இது யாருக்குச் சோறு போடுகிறது?" என்று கேட்டான். பட்டு யாத்திரை போகிறவர் "இது எனக்கு எவ்வளவு பெருமை தரும்?" என்று கேட்கிறார். இரண்டும் துணி வாங்குதல்தான். ஆனால் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம்!

அன்றியும், கொடுக்கும் பணம் நெசவாளிக்குத்தான் போகிறதா? தியாகராய நகரின் ஏழு மாடிக் கடையிலே குளிரூட்டிய காற்றுக்கும், வாசலில் ஒளிரும் நடிகையின் படத்துக்கும், தொலைக்காட்சி விளம்பரத்துக்கும், இடைத் தரகனுக்கும், முதல் போட்ட முதலாளிக்கும் போன பின்னர் எஞ்சுவதே தறிக்குப் போகிறது. அந்த மாடிகளில் சேலையை விரித்துக் காட்டும் பெண்களைப் பற்றி எவரேனும் எண்ணியதுண்டா? காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை. ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரத் தடை. துணிக்கடைப் பெண்கள் போராடியதன் விளைவாக, வேலை நேரத்தில் உட்காரும் உரிமையைக் கேரளம் 2018இல் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் அதைப் பின்பற்றியது. உட்காருவதற்கு ஒரு சட்டம்! இருபத்தோராம் நூற்றாண்டிலே, பெண்ணின் பெருமையைப் பட்டால் போர்த்தும் நாட்டிலே, அந்தப் பட்டை விற்கும் பெண் ஒரு முக்காலியில் அமர்வதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது. எமது கொழும்பு மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் துணிக்கடைகளில் நின்று கால் வீங்குவோரிற் பலர் மலையகத்திலிருந்து வந்த பிள்ளைகள். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்திருக்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எந்தக் கடையிலாவது போய் அந்தச் சட்டத்தைத் தேடிப் பாருங்கள். அடுக்கி வைத்த சேலைகளின் அடியில் எங்கேனும் கிடக்கும்.

இதைச் சொல்வதால் வெள்ளவத்தையின் சிறு கடைக்காரனைப் பகைவனாக்க நாம் முயலவில்லை. 1983 ஜூலையில் காலி வீதியிலே அவனது கடையும் எரிந்தது. சாம்பலிலிருந்து எழுந்து மீண்டும் கதவு திறந்தவன் அவன். 2022இல் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டிப் பாய்ந்தபோது கடனுக்குச் சரக்கெடுத்தவனின் முதுகும் முறிந்தது. அவனும் சந்தையின் கைதியே. ஆனால் கைதி என்பதற்காக அவன் கடையில் நிற்கும் பெண்ணின் காலுக்கு வலிக்காமல் இருக்குமா?

வெள்ளவத்தையின் பெயரோடு நெசவுக்கு வேறொரு தொடர்பும் உண்டு. பட்டு வாங்கக் காலி வீதியில் இறங்குவோரிற் பலர் அதை அறியார். இலங்கையின் மிகப் பெரிய நெசவாலை ஒரு காலத்தில் இந்த வெள்ளவத்தையிலேதான் இயங்கியது. வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தம் செய்தபோது, கொல்வின் ஆர். டி சில்வாவும் அவரது இளம் தோழர்களும் அவர்கள் பக்கம் நின்றனர். தொழிலாளரிற் பெரும்பான்மையோர் இந்திய வம்சாவளியினர், ஏனையோர் சிங்களவர். அதற்கு முந்திய பத்தாண்டிலே தொழிற்சங்கத்தின் சிங்கமாக விளங்கிய ஏ. ஈ. குணசிங்க, அந்த வேளையில் இன வேற்றுமையைத் தூண்டும் பக்கத்திற் போய் நின்றார். வர்க்கத்தை இனத்தால் பிளக்கும் வித்தை இந்நாட்டில் எங்கே பயிலப்பட்டது என்று கேட்டால், நெசவாலையின் வாசலையும் ஓர் இடமாகச் சுட்டலாம். அந்தப் போராட்டத்தின் அனுபவத்தோடேதான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. ஆலை இன்று இல்லை. அந்த நிலத்தில் ஹவ்லொக் சிற்றியின் அடுக்குமாடிகள் வானை நோக்கி நிற்கின்றன. நூல் நூற்ற இடத்தில் வீடு விற்கப்படுகிறது. அந்த வீடுகளின் விருந்துகளுக்கு உடுத்தும் சேலை கடல் கடந்து வருகிறது. உற்பத்தி செய்த ஊர் நுகர்வதற்கு மட்டுமே என்றாகிவிட்டதன் முழு வரலாறும் அந்த ஒரு நிலத்துண்டில் எழுதப்பட்டிருக்கிறது.

ஆலை போனது, தறியாவது எஞ்சியதா? கிழக்கே, அம்பாறை மாவட்டத்திலே மருதமுனை என்றோர் ஊர் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்யும் ஊர் அது. 1970 முதல் 1977 வரை துணி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் நாடெங்கும் தறிகள் பெருகின. அந்தக் காலத்துத் தட்டுப்பாட்டையும் பங்கீட்டு வரிசைகளையும் பொற்காலம் என்று புகழ நாம் தயாரில்லை. துணிக்குத் தவித்த ஏழையின் நினைவு கசப்பானது. ஆனால் 1977இல் கதவுகள் ஒரே நாளில் அகலத் திறக்கப்பட்டபோது, நிற்கக் கற்றுக்கொண்டிருந்த குழந்தையை வெள்ளத்தில் விட்டதுபோல் தறிகள் கைவிடப்பட்டன. மலிவான இறக்குமதித் துணியின் முன்னால் ஊரூராகத் தறிகள் நின்றன. 1978இல் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. உலகத்துக்கெல்லாம் உடை தைத்து அனுப்பும் நாடு, அந்த உடைக்கு வேண்டிய துணியை வெளியிலிருந்து வாங்குகிறது. 2025இல் எம் பாடசாலைப் பிள்ளைகளின் சீருடைத் துணி முழுவதும் சீனத்தின் நன்கொடையாக வந்தது. நன்கொடைக்கு நன்றி சொல்வோம். ஆனால் தன் பிள்ளையின் சட்டைத் துணியையும் பிறரிடம் ஏற்கும் நிலைக்கு ஒரு நாடு எப்படி வந்தது என்று கேட்காமல் நன்றி மட்டும் சொல்வது மானமாகாது.

மருதமுனை இத்தனைக்கும் பின்னர் பிழைத்தது. போரைக் கண்டது. 2004இன் கடற்கோளில் வீட்டையும் தறியையும் உயிரையும் பறிகொடுத்தது. ஆயினும் அங்கு இன்னமும் சாரமும் சேலையும் நெய்யப்படுகின்றன. கொழும்பிலிருந்து அங்கு போக விமானம் வேண்டாம், சுங்கம் இல்லை, அந்நியச் செலாவணி தேவையில்லை, பேச மொழிபெயர்ப்பாளனும் வேண்டியதில்லை. ஆனால் காஞ்சிபுரத்துத் தறியடிக்குப் போய்ப் படம் பிடித்து வந்தவர்களில் எத்தனை பேர் மருதமுனைத் தறியடியைக் கண்டிருக்கிறார்கள்? எம் தமிழபிமானம் பாக்குநீரிணையைத் தாண்டிப் பாய்கிறது. மட்டக்களப்பு வாவியைத் தாண்ட மட்டும் அதற்குக் கால் வலிக்கிறது. நெய்கிறவன் முஸ்லிம் என்பதும், நெய்யும் பொருள் பருத்தி என்பதும், விலை மலிவு என்பதும் சேர்ந்து அதைக் "கலியாணத்துக்கு ஆகாத சேலை" ஆக்கிவிட்டன. மதிப்பைத் தீர்மானிப்பது நூலா, நெய்தவனின் குலமா? இந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லும் துணிவு எம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இனி, "பண்பாடு" என்ற கேடயத்தைத் தூக்குவோரிடம் ஒரு சொல். சிலப்பதிகாரம் புகார் நகரைக் காட்டும்போது, பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நெய்யும் காருகர் வாழும் இடத்தையும் காட்டுகிறது. இளங்கோவின் நகரத்திலே துணிக்கு முன்னால் நெசவாளி தெரிந்தான். அவனுக்கு ஒரு தெரு இருந்தது, பெயர் இருந்தது, காவியத்தில் இடம் இருந்தது. எமது பண்பாட்டுக் காவலரின் நகரத்தில் கடை தெரிகிறது, விலை தெரிகிறது, நடிகை தெரிகிறாள், நெசவாளி தெரியவில்லை. பண்பாட்டைக் கைவிட்டவர் யார்?

கொட்டாஞ்சேனையைப் பாருங்கள். துறைமுகத் தொழிலாளியும் சில்லறைக் கடைச் சிப்பந்தியும் எழுதுவினைஞனும் வாழும் பகுதி அது. அங்குள்ள தகப்பனுக்குக் காஞ்சிபுரம் போகும் வசதி இல்லை. ஆனால் கலியாணப் படங்கள் கைத்தொலைபேசியில் அவன் மகளின் கண்முன் ஒவ்வொரு நாளும் வருகின்றன. நாற்பதினாயிரம் இந்திய ரூபாவுக்கு ஒரு கூறை என்றால், அது எமது காசில் ஓர் இலட்சத்தைத் தாண்டும். ஓர் ஆசிரியரின் ஒரு மாதச் சம்பளம் அதற்குப் போதாது. செட்டியார் தெருவிலே நகை அடகுக்குப் போகிறது, கூறை வீட்டுக்கு வருகிறது. வெள்ளவத்தையின் ஆசை கொட்டாஞ்சேனையின் கடனாகிறது; இலண்டனின் ஆசையும் ரொறன்ரோவின் ஆசையும் வெள்ளவத்தையின் கடனாகின்றன. மேலே இருப்பவன் செலவைக் கீழே இருப்பவனுக்குக் கடமையாக்குவது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். அதற்கு இம்முறை சரிகைக் கரை போட்டிருக்கிறார்கள்.

ஆசிரியத் தோழர்களே, இந்த விடயம் எம் வகுப்பறை வாசலுக்கும் வந்துவிட்டது. 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியின் நடுவே, ஆசிரியைகள் சிலர் சேலை அல்லாத ஒழுங்கான உடையில் பாடசாலைக்கு வந்தனர். கல்வியமைச்சு சேலையே உடை என்று அடித்துச் சொன்னது. நாட்டிலே இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசிரியர் உள்ளனர். அவர்களிற் பெரும்பான்மையோர் பெண்கள். நாள்தோறும் சேலை உடுக்கக் கட்டளையிடும் அரசு, அந்தச் சேலைக்கு ஒரு சதமேனும் தருகிறதா? தரவில்லை. அந்தச் சேலை எந்த நாட்டில் நெய்யப்பட்டது என்று கேட்கிறதா? கேட்கவில்லை. ஆசிரியை தன் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுப் பொலியெஸ்டரை வாங்கி, எம் வெயிலில் வெந்து, "தேசியப் பண்பாட்டை"க் காக்கிறாள். கேலிக்கூத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தேடுவது கடினம்.

நாம் வேண்டுவது என்ன? முதலாவது, உடையை ஆசிரியையின் விருப்பத்துக்கு விடுக. சேலையைக் கட்டாயமாக்க விரும்பினால், ஆண்டுதோறும் உடைப்படி வழங்கி, மருதமுனை போன்ற ஊர்களின் நெசவாளர் கூட்டுறவுகளிலிருந்து பருத்திச் சேலையைக் கொள்முதல் செய்க. இத்தனை இலட்சம் சேலைக்கு உறுதியான சந்தை கிடைக்குமானால் நின்ற தறிகள் மீண்டும் ஓடும். இரண்டாவது, விற்பனைக்கு வைக்கும் கைத்தறித் துணியிலே ஊரின் பெயரோடு நெய்தவர் பெயரும் தறிக்கூலியும் பொறிக்கப்பட வேண்டும் என்று வாங்குவோர் கேட்கத் தொடங்க வேண்டும். கேட்டவுடன் கிடைக்காது. கேட்காமல் ஒருபோதும் கிடைக்காது. மூன்றாவது, கடை ஊழியர் சட்டத்தை அலுமாரியிலிருந்து எடுத்துக் கடைக்குக் கொண்டு வருக. விற்பனைப் பெண்ணுக்கு இருக்கை கொடுக்காத கடையில் வாங்குவதில்லை என்று ஆசிரியர் சங்கங்கள் தீர்மானிக்கட்டும். நான்காவது, எம் கையிலேயே உள்ளது: எம் வீட்டுக் கலியாணங்களிலே பருத்திக் கூறை, அல்லது ஒரு குடும்பத்துக்கு ஒரு கூறை என்று தொடங்குவோம். தாயின் கூறையை மகள் உடுத்தால் தாலி ஏறாதா?

நான்காவதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. "இதனால் உலகம் மாறிவிடுமோ?" என்பார்கள். மாறாது. பருத்திச் சேலையால் புரட்சி வந்ததில்லை. முதல் மூன்றும் அமைப்பை நோக்கியவை, அவை இல்லாமல் நான்காவது வெறும் ஒழுக்கப் பிரசங்கமாகிவிடும். ஆனால் தன் வீட்டுப் பந்தலில் ஊர்க் கண்ணுக்கு அஞ்சுகிறவன், தொழிலாளியின் உரிமைக்காக முதலாளியின் கண்ணைப் பார்த்துப் பேசுவான் என்று எப்படி நம்புவது? அச்சம் ஓரிடத்தில் உடைய வேண்டும். கையருகே உள்ள இடத்தில் முதலில் உடைப்பது எளிது.

வாழ்வது யார் என்று தொடக்கத்திற் கேட்டோம். புழு வெந்நீரில் சாகிறது. நூல் எடுத்தவரின் விரல் வேகிறது. நெய்தவன் முன்பணத்தில் முடங்குகிறான். விற்றவளின் கால் வீங்குகிறது. வாங்கியவன் வளவு ஈட்டில் கிடக்கிறது. உள்ளூர்த் தறி துருப்பிடிக்கிறது. இத்தனை பேரின் நட்டத்திலும் இலாபம் காண்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் தறியிலும் இல்லை, கடையின் தரையிலும் இல்லை, கலியாணப் பந்தலிலும் இல்லை. அடுத்த முறை "கூறை எங்கே எடுத்தது?" என்று யாரேனும் கேட்டால், "யார் நெய்தது? என்ன கூலி?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வி பந்தலில் சற்றுச் சங்கடத்தை உண்டாக்கும். உண்டாக்கட்டும். நல்ல மாற்றங்கள் பலவும் அப்படிப்பட்ட சங்கடங்களிலேதான் தொடங்கியிருக்கின்றன.